சென்னையின் நன்னீரும் உவர்நீரும்

சென்னை நகரின் நிலத்தடி நீர் ஊர் முழுவதும் ஒரே தன்மையுடையதாக என்றும் இருந்ததில்லை. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, திருவான்மியூர் போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில் தடித்த மணற்படுகையும், கிண்டி, வேளச்சேரிப் பக்கங்களில் சார்னோகைட் என்னும் கரும்பாறையும், இடைப்பட்ட பல இடங்களில் களிமண்ணும் அமைந்திருப்பதால், மழைநீர் விரைந்து இறங்கித் தங்கும் மணற்பகுதிக் கிணறுகள் நன்னீர் தந்த காலத்திலேயே, சற்றுத் தள்ளியிருந்த களிமண் பகுதிக் கிணறுகள் உப்புக் கரித்தன. கரிப்பைப் போலவே நீரின் கடினத்தன்மையும் இடத்துக்கு இடம் மாறும்; நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளே அதற்குக் காரணம். சோப்பு நுரைக்காமல் திரிவதும், பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதும் இதனால்தான். பைகார்பனேட்டுகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்கவைத்தால் நீங்கிவிடும்; சல்பேட், குளோரைடு உப்புகளால் வரும் நிலைக் கடினத்தன்மை எவ்வளவு கொதித்தாலும் போகாது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை எழுந்த இடத்தில் நல்ல குடிநீர் கிடையாது. 1772-இல் பேக்கர் என்பவர் வகுத்த திட்டத்தின்படி நகரின் வடபகுதி மணலில் கிணறுகள் வெட்டப்பட்டன. மொத்தம் பத்துக் கிணறுகள் இருந்தபோதிலும் ‘ஏழு கிணறு’ என்ற பெயரே நிலைத்து, இன்றும் அப்பகுதியின் பெயராக வழங்குகிறது. 16 அடி விட்டமும் 23 முதல் 29 அடி வரை ஆழமும் கொண்ட இக்கிணறுகளிலிருந்து ஏற்றம் இறைத்துத் தொட்டிகளில் நிரப்பப்பட்ட நீர், தானாகவே சரிந்தோடிக் கோட்டையை அடைந்தது; நாளொன்றுக்கு 1.4 லட்சம் காலன் கிடைத்தது.

கடலுக்கு இவ்வளவு அருகில் நன்னீர் எப்படிக் கிடைத்தது என்பது கவனித்துப் பார்க்க வேண்டிய செய்தி. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்தது. ஆகவே மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் பரவிநிற்கும் உப்புநீரின்மேல் பாலாடைபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நிலத்தடி நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. அந்த விதியின் மறுபக்கம்தான் அச்சந்தருவது: மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கினால், காலப்போக்கில் கீழே உப்புநீர் நாற்பதடி ஏறி வரும். ஏற்றம் இறைத்த காலத்தில் மனித உழைப்பே எடுப்பின் அளவைக் கட்டுப்படுத்தியது. மின்மோட்டார் வந்தபின் அந்தக் கட்டு அறுந்தது.

பெருகிய நகருக்குக் கிணறுகள் போதாமற்போகவே, 1866-இல் பிரேசர் என்ற பொறியாளர் கொசஸ்தலையாற்று நீரைக் கொணரும் திட்டத்தைத் தீட்டினார். தாமரைப்பாக்கத்தில் அணைகட்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் நீரைத் தேக்கி, அங்கிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரும் பணி 1872-இல் நிறைவெய்தியது. ஏரிநீர் அண்மையில் பெய்த மழைநீராதலால் பாறையையும் மண்ணையும் நெடுங்காலம் தொட்டிராதது. ஆகவே அது மென்மையானது. ஆனால் வடிகட்டப்படாமல் குழாய்களில் விடப்பட்டதால் கலங்கலும் அழுக்கும் கூடவே வந்தன. கரித்தாலும் தெளிந்திருந்த கிணற்று நீர் ஒருபுறமும், மென்மையாயினும் தூய்மையற்ற குழாய்நீர் மறுபுறமுமாக நகரம் நாற்பதாண்டுகளுக்கு மேல் காலந்தள்ளியது.

இக்குறையைத் தீர்த்தவர் மேட்லி என்ற பொறியாளர். தியாகராய நகரின் மேட்லி சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செங்குன்றத்திலிருந்து நிலத்தடியில் மூடிய கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகளும் அவர் திட்டத்தில் உருவாகி, 1914 டிசம்பரில் வடிகட்டிய நீர் வழங்கப்பட்டது. இவ்வடிகட்டியில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து மெல்லிய படலமாகப் படிய, அப்படலமே கிருமிகளைத் தடுத்து அழிக்கிறது; கரைந்துள்ள உப்புகளை இது சிறிதும் நீக்காது. மூலநீரே மென்மையாக இருந்ததால்தான் சென்னைக்கு அது போதுமானதாயிற்று. 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பர் என்ற கணக்கில் தலைக்கு 25 காலன் வீதம் வகுக்கப்பட்ட திட்டம் அது. அந்த ஆண்டில் நகரின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் துணைக்கு வந்தும் பற்றாக்குறை நீங்கவில்லை.

இந்தப் பற்றாக்குறையே சென்னை வீடுகளில் இரட்டை நீர் வழக்கத்தை நிலைநிறுத்தியது. குழாயில் வரும் ‘நல்ல தண்ணீர்’ குடங்களிலும் தவலைகளிலும் பிடித்துவைக்கப்பட்டுச் சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும் பயன்பட, குளிக்கவும் துணி துவைக்கவும் கிணற்றின் ‘உப்புத் தண்ணீர்’ ஒதுக்கப்பட்டது. பின்னாளில் கிணறு ஆழ்துளைக் குழாயாக மாறி, அந்நீர் மாடித் தொட்டிக்கு ஏற, தெருக்குழாயின் மெல்லிய ஓட்டத்தைப் பிடிக்க வாசலருகே அடிபம்பு வந்தது. குடிப்பதற்கல்ல என்று கருதப்பட்ட நீரைக் காக்கும் அக்கறை குறைந்ததே இவ்வழக்கத்தின் பெருந்தீங்கு எனலாம்.

1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் நகருக்கு வடக்கே ஆரணியாறு–கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஆய்வு நடந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. நகரம், தொழிற்சாலைகள், வயல்கள் ஆகிய மூன்றும் ஒரே படுகையிலிருந்து இறைக்க, 1969-இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர் முனை 1983-இல் 7 கிலோமீட்டரையும் 1987-இல் 9 கிலோமீட்டரையும் எட்டியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. எனவே கடல் புகுந்த கிணற்றில் கரிப்பும் கடினத்தன்மையும் சேர்ந்தே ஏறும். இழப்பின் பெரும்பகுதி அப்பகுதி உழவர்களைச் சேர்ந்தது. நகரத்தின் குடிநீர் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. 1996-இல் கிருஷ்ணா ஆற்று நீரும் 2004-இல் வீராணம் ஏரி நீரும் நகருக்கு வந்தன. இவற்றைவிட மண்ணுக்கு நெருங்கிய பணி, 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு. மாடியில் விழும் நீரை மணலுக்கும் கிணற்றுக்கும் திருப்பிவிடுவதன் மூலம், மிதக்கும் நன்னீர்ப் படலத்தைத் தடிப்பாக்கும் முறை அது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. சவ்வூடு பரவலுக்கு எதிராக அழுத்தத்தால் உப்பை நீக்கும் எதிர்ச்சவ்வூடு முறையில் பெறப்படும் நீர் தாது ஏறக்குறைய அற்றதாய்க் குழாய்களை அரிக்கும் தன்மை கொண்டிருப்பதால், இத்தகைய நிலையங்களில் சுண்ணாம்புச் சத்தை மீண்டும் ஏற்றி, வேண்டிய அளவு கடினத்தன்மையை உண்டாக்கிய பிறகே அது வீடுகளுக்கு அனுப்பப்படுகிறது.