குழந்தையின் முதற் புத்தகம்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் பெற்றோர் பலர், பிள்ளைக்கு ஏடு தொடக்கும் நாளை மறவாது பேணுகின்றனர். விசயதசமியன்று தாம்பாளத்திலே பச்சையரிசி பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பர். அந்த அரிசியிலிருந்து அச்சிட்ட புத்தகத்துக்குப் பிள்ளை எவ்வாறு போய்ச் சேர்கிறது, அங்கே அதற்கு எத்தகைய நூல் காத்திருக்கிறது என்று எண்ணுவோர் சிலரே. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

ஈழத்திலே தமிழ்ப் பிள்ளைகளுக்கான வாசகநூல் வரலாற்றைக் கூறப் புகுவோர் ஆறுமுக நாவலரிடம் வந்தே தீரவேண்டும். பாதிரிமார் தம் பாடசாலைகளுக்கென நூல்களை அச்சிட்டு வழங்கிய காலம் அது. 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர், தம் மாணாக்கர் கையிற் கொடுக்க ஏற்ற உரைநடை நூல் இல்லாமையை உடனே உணர்ந்தார். 1850-இல் முதற் பாலபாடமும், அடுத்த ஆண்டில் இரண்டாம் பாலபாடமும் வெளிவந்தன. எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறும் முறை அவற்றில் உண்டு. நாவலர் சந்தியை வேண்டுமிடத்துப் பிரித்தும், நிறுத்தக் குறிகளை இட்டும் உரைநடையை அச்சிட்டார். இளங்கண்ணுக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை, அடர்த்தியாகச் சொற்கள் ஒட்டிய ஒரு பழம் பதிப்பைத் தம் பிள்ளையிடம் கொடுத்துப் பார்ப்பவர் அறிவர்.

ஆயினும் பாலபாடத்தின் நோக்கம் ஒழுக்கமும் சமயமும் மொழித் தூய்மையுமே. பிள்ளையின் மகிழ்ச்சி அன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்நாளில் வேண்டியது அதுவே. ஆனால் நாவலர் காலத்துத் தேவையை நம் காலத்துத் தேவையென எண்ணி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீதிவாக்கியங்களை மட்டும் வாங்கிக் கொடுப்பது வேறு செய்தி.

மகிழ்ச்சியை முன்வைத்த முயற்சிக்கு ஈழநாடு 1935 வரை காத்திருந்தது என்னலாம். அவ்வாண்டில் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 'பிள்ளைப்பாட்டு' என்னும் தொகுதியை வெளியிட்டது. அதற்கு ஊக்கம் தந்தவர் கல்வி அதிகாரியாக விளங்கிய க. ச. அருள்நந்தி. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்குப் பாடிய பாட்டுக்கள், அவர் 1953-இல் மறைந்தபின், 'சிறுவர் செந்தமிழ்' என்ற நூலாகவும் வந்தன. ஆடிப்பிறப்பின் கூழும் கொழுக்கட்டையும், கத்தரித் தோட்டத்து வெருளியும் அவர் பாட்டிலே புகுந்தன. 'வெருளி' என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். தமிழகத்துப் பிள்ளை அதனைச் சோளக்கொல்லைப் பொம்மை என்று அறியும். நம் பிள்ளையோ வீட்டிலே கேட்ட சொல்லைத் தாளிலே கண்டு துள்ளும். தன் வீட்டுச் சொல் அச்சில் ஏறியிருப்பதைக் காண்பது பிள்ளைக்கு ஒரு கௌரவம்.

நம் திருக்கோணமலையோ பிள்ளை நூலுக்குக் கருப்பொருள் மிகுந்த ஊர். பிரெடெரிக் கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், கடலிலே திமிங்கிலம், கச்சான் காற்று. கொட்டியாரக் குடாவின் தோணிகளை அறியாத பிள்ளை இங்கு இல்லை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் 'மோகனாங்கி'யை 1895-இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை பிறந்ததும் இவ்வூரே. பெரியோருக்கு அத்தகைய நூல் தந்த ஊர் சிறியோருக்குத் தந்தது நெடுங்காலம் சொற்பமே. பிற்காலத்தில் கேணிப்பித்தன் என்ற புனைபெயருடைய ச. அருளானந்தம் போன்றோர் சிறுவர் பாட்டும் கதையும் எழுதி அக்குறையைச் சிறிது போக்கினர்.

இனி, தேர்வுக்கு வருவோம். அமெரிக்காவிலே 1957-இல் டாக்டர் சூஸ் என்பவர் தொப்பியணிந்த பூனையொன்றின் கதையை 236 வேறுவேறு சொற்களால் மட்டும் எழுதி, வாசிக்கப் பழகும் பிள்ளைகளை வென்றார். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொணர முடியாது. 'வா' என்ற ஒரு வினையே வந்தான், வருகிறாள், வாராது என்று பல உருக் கொள்ளும். ஆகவே சொற்றொகையை எண்ணாது சொல்லின் நீளத்தைப் பாருங்கள். 'வந்துகொண்டிருந்தனர்' என்பது பொருளால் எளிது. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது ஒரு மலை.

மற்றுமொரு தடை உண்டு. நம் எழுத்து ஏறக்குறைய ஒலித்தபடியே அமைந்தது. எழுத்துக்களை அறிந்த பிள்ளை எதையும் கடகடவென ஒப்புவித்துவிடும், பெற்றோரும் மகிழ்ந்துவிடுவர். பொருள் விளங்கிற்றா என்பது வேறு. பேசுந் தமிழும் எழுதுந் தமிழும் விலகி நிற்பதால், வாசிக்கத் தொடங்கும் பிள்ளை ஒருவகையில் இரண்டாம் மொழியொன்றைச் சந்திக்கிறது. எனவே உரையாடலில் பேச்சுச் சாயல் கொண்டதும், ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருவதும், சலசல, தடதட என்று ஓசை நிறைந்ததுமான நூலே முதலில் ஏற்றது. படம் கதையோடு ஒத்திருக்க வேண்டும். கதை மூன்று மீன் என்றால் படத்திலும் மூன்று மீன் வேண்டும். பிள்ளை எண்ணிப் பார்க்கும், நாம்தான் எண்ணுவதில்லை.

1945-இல் இலவசக் கல்வியும், 1980 முதல் இலவசப் பாடநூலும் நம் பிள்ளைகளை எட்டின. ஆனால் பாடநூல் ஒன்றே வீட்டிலுள்ள நூலாக இருக்கும் குடும்பங்கள் பல. போரும், 2004 திசம்பர் 26-ஆம் நாட் கடற்பேரலையும் இக்கரையோரத்து வீடுகள் பலவற்றை அழித்தன. அலுமாரியில் இருந்தவையும் உடன் போயின. கூடாரத்துக்கு உணவும் உடையும் முதலிற் போகவேண்டியது முறையே. கதைப்புத்தகமோ பட்டியலின் கடைசியிலேயே வரும். 2005 முதல் 'ரூம் டு ரீட்' என்னும் அமைப்பு இந்நாட்டிலே தமிழிலும் சிங்களத்திலும் படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. சென்னையிலிருந்தும் அழகிய நூல்கள் வருகின்றன. அவற்றின் விலை கடற்றொழிலாளியின் கைக்கு எட்டுவதில்லை.

ஆதலின் நேயர்களே, வாங்க இயலாதோர் வாசிகசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்க. எந்த நூல் நல்லது என்று அங்கே யாரையும் கேட்கவேண்டியதில்லை. சிறுவர் பகுதியிலே முதுகு கிழிந்து, மூலை மடிந்து, ஒட்டுத்தாள் போட்டிருக்கும் நூலைத் தேடுங்கள். அதைப் பல பிள்ளைகள் முன்னரே தேர்ந்து வைத்திருக்கிறார்கள். கட்டுவதற்கென்று அதை உள்ளே எடுத்து வைத்திருந்தால், நூலகரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.