படைக்கலக் காப்பில் நெய்யும் துருவும்

படைக்கலத்தின் மேற்பூச்சு எத்துணைக் காலம் நிலைக்கும் என்னும் வினா தொழில்நுட்பத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழிலக்கியத்திலும் அதற்குச் சான்று உண்டு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிய நிகழ்ச்சி புறநானூற்றின் 95ஆம் பாடலுக்குச் சூழலாகும். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, காம்பு செப்பம் செய்யப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் உள்ளன. அதியமானுடையவையோ முனை முரிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோலப் பழித்தலாக உரைகொள்ளப்படும் இப்பாடலில் ஒரு தொழில்முறைச் செய்தியும் அடங்கியுள்ளது. பழுது நீக்கல் முன்னதாகவும் நெய் பூசல் பின்னதாகவும் அமைந்த வரிசையே அது. 'நெய்' என்பது நெய்ப்புடைய பொருள்களுக்குரிய பொதுச்சொல் என்பதை 'எண்ணெய்' (எள்+நெய்) என்னும் சொல்லே காட்டும்.

வேலுக்குரிய இவ்வரிசை துப்பாக்கிக்கும் பொருந்துகிறது. குழலை மெருகிட்டு, அமிலக் கரைசல் பூசித் துருவேற்றி, நீரில் கொதிக்க வைத்தால் செந்துரு கருநிற மேக்னடைட்டாக மாறும். இதனைப் பன்முறை செய்து, உதிரும் துருவைத் தேய்த்தகற்றி, இறுதியில் எண்ணெய் இடுவர். 'புளூயிங்' எனப்படும் இப்படலம் மெல்லியது, நுண்துளைகள் உடையது. துத்தநாகம் அல்லது மாங்கனீசு கலந்த பாஸ்பேட் பூச்சும் நுண்துளை உடையதே. இரண்டும் எண்ணெயை ஏந்தி நிற்கும் கலங்களாகவே பெரிதும் பயன்படுகின்றன. எண்ணெய் வற்றினால், உப்புக்காற்று வீசும் கொச்சி போன்ற கடற்கரைகளில் துரு விரைந்து ஏறும். எனவே, புதுப்பித்த பூச்சின் தரத்தை அன்றைய பளபளப்பால் அளவிடுதல் பொருந்தாது. அடிப்பரப்பின் செப்பமும் தொடர்ந்த பேணலுமே அதன் அளவுகோல்.

இதற்கு மாறான நெறிக்குத் தஞ்சைக் கோட்டையின் பீரங்கி சான்றாகிறது. 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்ததாகிய இது ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளமுடையது. நெடிய இரும்புப் பட்டைகளின்மேல் வளையங்களை அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து இணைத்து உருவாக்கப்பெற்றது. வெட்டவெளியில் நெடுங்காலம் நின்றும் இது பெரிதும் சிதையவில்லை. இதன் அமைப்பையும் துரு எதிர்ப்பையும் இரா. பாலசுப்பிரமணியம் முதலியோர் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். தில்லி இரும்புத் தூண் பற்றிய அவரது ஆய்வுகள், இரும்பிலுள்ள பாஸ்பரசின் துணையால் துருவே காப்புப் படலமாக அமைவதை விளக்கின. அங்குக் காப்பு வெளியிலிருந்து பூசப்பட்டதன்று. இரும்பின் உடலிலிருந்தே தோன்றியது.

இவ்வேறுபாடு அருங்காட்சியகங்களுக்கு இன்றியமையாதது. பழைய படைக்கலத்தைப் புதிதாக்க வேண்டி அரத்தாலும் அமிலத்தாலும் தேய்க்கும்போது துருவுடன் முத்திரைகளும் எழுத்துகளும் சம்மட்டித் தடங்களும் அழிகின்றன. நெய்யிட்டதை மீண்டும் நெய்யிடலாம். தேய்த்தழித்த எழுத்தை மீட்க இயலாது. ஔவையார் கண்ட இரு கொட்டில்களுள் வரலாற்றைத் தாங்கி நின்றவை முரிந்த முனைகளே என்பது இவண் கருதத்தக்கது.