சாவா மூவாப் பேராடும் தாத்தாவின் ஐயாயிரமும்

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, பெரியப்பா பீரோவிலிருந்து ஒரு பழுப்பேறின ரசீதை எடுத்து நீட்டினார். 1991-ல் தாத்தா தவறினப்போ, அவர் படிச்ச பள்ளிக்கூடத்தில் குடும்பமா சேர்ந்து கட்டின ஐயாயிரம் ரூபாய். அந்த வட்டியில் வருஷாவருஷம் பத்தாவது கணக்கில் முதல் மார்க் எடுக்கிற பிள்ளைக்குப் பரிசு. அப்போ ஐநூறு ரூபாய்க்கு மேலே வட்டி வந்துச்சு, பேண்ட் சட்டைத் துணியே வாங்கலாம். இப்போ முந்நூத்திச் சொச்சம். அதுவும் மூணு வருஷமா பரிசே கொடுக்கலையாம். கேட்டா, பழைய ரெஜிஸ்டரைக் காணோமாம்.

எங்க ராஜபாளையத்தில் 'நினைவு'ங்கிற வார்த்தையை நான் முதன்முதலா எழுத்துக்கூட்டிப் படிச்சதே பள்ளிக்கூட போர்டில்தான். அன்னப்பராஜா நினைவு மேல்நிலைப்பள்ளி. ராம்கோவைத் தொடங்கின பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1962-ல் மறைந்தார். அவர் பேரில் பாலிடெக்னிக் இருக்கு. இன்னொரு ஆள், பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர், பிறகு ஒரிசா கவர்னர். பிறந்த சில நாளிலேயே அம்மாவை இழந்தவர். அவர் தன் வீட்டையே காந்தி பேரில் கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். நினைவுன்னா சொந்தக்காரங்களுக்குத்தான்னு இல்லை போல.

சரி, இதெல்லாம் மில் வந்த பிறகு வந்த பழக்கம்னுதான் நினைச்சிருந்தேன். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போனா 'கட்டளை'ன்னு ஒரு சொல் காதில் விழும். இன்ன நாளில், இன்னார் பேரில், இன்ன காரியம் நடக்கணும்னு எழுதி வைக்கிறது. அதே ஏற்பாடுதான்! அதைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி போனா கல்வெட்டுகள் வந்து நிக்குது.

சோழர் காலத்தில் இறந்தவருக்காகக் கோயிலில் நந்தா விளக்கு வைப்பாங்க. பணமா கொடுக்காம ஆடா கொடுப்பாங்க, ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 அல்லது 90. ஆட்டை வாங்கிக்கிற இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டு வைச்ச பேர்தான் 'சாவா மூவாப் பேராடு'. கிழடு கழிஞ்சா குட்டி அந்த இடத்துக்கு வந்துடும், எண்ணிக்கை குறையாது. வேட்டையில் தவறுதலா அம்பு பட்டு ஒருத்தர் செத்துட்டா, எய்தவனையே செத்தவர் பேரில் விளக்கு வைக்கச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு. அந்த விளக்கைத் தினம் பார்த்த எய்தவனோட மனசு எப்படி இருந்திருக்கும்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது குந்தவையோட கணக்கு. அப்பா சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தவர். அம்மா வானவன்மாதேவி உடன்கட்டை ஏறினவள். மகள் தஞ்சைப் பெரிய கோயிலில் ரெண்டு பேருக்கும் செப்புத் திருமேனி செய்து வைச்சா. அப்பா பேரில் தஞ்சாவூரில் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, அதுக்கு நிலமும் கொடுத்தா. அந்தப் பெரிய கோயில் கொடைகளில் முதலை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து வட்டி, அவங்க மொழியில் பொலிசை, வாங்கியிருக்காங்க. காசுக்கு வருஷம் அரைக்கால் காசு. பன்னிரண்டரை சதவீதம்ங்க! சில இடத்தில் வட்டியை நெல்லாவே அளக்கணும். விலைவாசி ஏறினா நெல்லும் கூட ஏறும்ல. எங்க குடும்பத்துக்கு 1991-ல் இது தோணலை :-)

எந்த ஊர், எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி, எல்லாம் கோயில் கல்லில் வெட்டியிருக்கு. ஆயிரம் வருஷம் கழிச்சு நான் உட்கார்ந்து படிக்கிறேன். எங்க தாத்தா விஷயம் முப்பது வருஷத்தில் காணாமப் போச்சு.

டிரஸ்ட் ஆரம்பிக்கலாம்னு சித்தப்பா சொன்னார். 80ஜி பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும்னதும் அவரே கம்முனு ஆயிட்டார். அத்தைதான், ஆளுக்கு ரெண்டாயிரம் போட்டு முதலைப் பெருசாக்கி, பரிசைப் புத்தகமா கொடுக்கலாம்னாங்க. கூடவே பள்ளிச் சுவரில் சின்னதா ஒரு கல்.

"கல்லு வேணாம், ஆடு வாங்கிடுவோம்டா"ன்னார் பெரியப்பா.

வர்ற திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கேன். ஹெட்மாஸ்டரைப் பார்க்கணும். ரசீதை நாலு ஜெராக்ஸ் எடுத்து வைச்சாச்சு.