ஆலய மணி உலையில் இறங்கியபோது

மணி முழங்குகிறது, மண்டியிடுகிறது ஊர்! குழந்தை பிறந்தால் மணி, கிழவன் இறந்தால் மணி, மன்னன் முடிபுனைந்தால் மணி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் உழவன் விழித்ததும் உண்டதும் உறங்கியதும் ஆலய மணியின் ஆணைப்படிதான். அந்த மணிக்குப் பெயர் சூட்டினர், ஞானஸ்நானம் செய்வித்தனர், பிள்ளைக்கு அமைவதுபோல் ஞானத்தாய், ஞானத்தந்தையையும் அமைத்தனர். இடியும் மின்னலும் மணியோசை கேட்டு ஓடும் என்று நம்பினர்.

ஓடினவா? ஓங்கிய கோபுரத்தின் அடியிலே, நனைந்த கயிற்றைப் பற்றி நின்றவனைத் தேடியல்லவா வந்தது மின்னல்! 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் இடி விழுந்தது, மணியடித்தோர் 103 பேர் மாண்டனர் என்று 1784-இல் மூனிச் நகரில் வெளியான நூலொன்று கணக்குக் காட்டிற்று. பக்தி கயிற்றைப் பிடித்திருந்தது. பௌதிகம் தன் வேலையைப் பார்த்தது.

நாம் கூற வந்தது இடியின் கதையன்று. அந்த மணி உலைக்குள் இறங்கிய கதை.

1789-இல் புரட்சி வெடித்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே திருச்சபையின் சொத்து நாட்டின் சொத்தாயிற்று. மடங்கள் மூடப்பட்டன, மணிகள் இறங்கின. கருவூலமோ காலி, கடைத்தெருவிலே சில்லறைக்குப் பஞ்சம். மணியை உருக்கிக் காசாக அடிப்போம் என்றனர். நல்ல யோசனைதான். ஆனால் சம்மட்டி எடுத்தவனெல்லாம் உலோகம் அறிந்தவனா?

மணி வெண்கலத்தால் ஆனது. வெண்கலமோ செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. மணியில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் அவ்வளவு இருப்பதால்தான் அந்த நாதம். அதனால்தான் அந்த நொறுங்கும் குணமும்! அச்சிலே வைத்து அடித்தால் காசு பிளக்கும். பீரங்கிக்கு வெள்ளீயம் பத்துப் பங்கு அளவே வேண்டும். மணியை அப்படியே உருக்கிப் பீரங்கியாக வார்த்தால், வெடித்துச் சாவது எதிரியல்ல, பற்றவைத்தவன். 1791-இல் மணி உலோகத்துக்குச் சம அளவு தூய செம்பைச் சேர்த்துக் காசு அடிக்க ஏற்பாடு செய்தனர். ஆனால் செம்புக்குப் பிற நாடுகளை நம்பி நின்ற நாடாயிற்றே அது, எத்தனை நாளைக்குச் சேர்க்கும்? உருகிக் கலந்த இரண்டைப் பிரித்தாக வேண்டும். சர்க்கரை கரைந்த பாலிலிருந்து சர்க்கரையைப் பிரிப்பதுபோல!

பிரித்தவர் ஃபூர்க்ருவா என்ற இரசாயன அறிஞர். அவர் கையிலிருந்தது மந்திரமன்று, லவாய்சியர் தந்த புதிய இரசாயனம். எரியும் பொருளிலிருந்து ஏதோவொன்று வெளியேறுகிறது என்பது பழைய கொள்கை. இல்லை, உலோகம் வெந்து பொடியாகும்போது காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னுள் வாங்குகிறது, அதனால் எடை கூடுகிறது என்று தராசை வைத்து நிறுவியவர் லவாய்சியர். ஃபூர்க்ருவா செய்தது இதுதான்: மணி உலோகத்தில் ஒரு பகுதியைக் காற்றுப்பட வறுத்துப் பொடியாக்கினார். எஞ்சிய பகுதியை உருக்கி அதில் அந்தப் பொடியைச் சேர்த்தார். செம்பைவிட வெள்ளீயத்துக்குப் பிராணவாயுவின்மீது ஆசை அதிகம். பொடியிலிருந்த செம்பு தன்னிடமிருந்த வாயுவை வெள்ளீயத்துக்கு விட்டுக்கொடுத்தது. வாயுவை வாங்கிய வெள்ளீயம் கசடாக மேலே மிதந்தது. செம்பு அடியில் தங்கியது. கசடோடு வெள்ளீயம் போனது நட்டந்தான். ஆனால் நாட்டுக்கு அன்று தேவை செம்பு.

1793 பிப்ரவரியில் பிரிட்டனோடும் போர் மூண்டது. ஜூலை 23-இல் ஆணை பிறந்தது: ஆலயத்துக்கு ஒரு மணி போதும், மற்றவை பீரங்கிக்கு! ஊர்கள் எல்லாம் உவந்து கொடுத்தன என்று நாம் எழுதினால் அது புளுகு. மணியை மண்ணில் புதைத்து மறைத்த ஊர்கள் உண்டு. அவர்களை மூடர் என்று ஒதுக்கிவிடவும் நமக்கு மனமில்லை. தீப்பிடித்தால் ஊரைக் கூட்டியதும், கடிகாரமில்லாத ஏழைக்கு நேரம் சொன்னதும் அந்த மணியல்லவா?

நம் நெஞ்சை அள்ளுவது அதற்கடுத்த காட்சி. மணியிலிருந்து செம்பைப் பிரிக்கும் முறையைப் பெல்லத்தியே, தார்சே என்ற அறிஞர் இருவர் எழுத, அரசே அச்சிட்டுப் பரப்பிற்று. 1794-இன் தொடக்கத்தில் மாவட்டத்துக்கு இருவராக நாடெங்குமிருந்து பாரிசுக்கு ஆட்களை வரவழைத்தனர். வெடியுப்பு எடுக்கவும், மருந்து செய்யவும், பீரங்கி வார்க்கவும் ஃபூர்க்ருவா, மோஞ், பெர்த்தோலே போன்ற பேரறிஞர்கள் அவர்களுக்குப் பாடம் நடத்தினர். பட்டறைக்காரன் தன் மகனுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லிவந்த தொழில் இரகசியம், பொதுமண்டபத்தில் உரத்த குரலில் சொல்லப்பட்டது!

உலோகத்துக்கு மதமில்லை என்பதை மதவாதிகளே வேறு இடங்களில் மெய்ப்பித்திருக்கின்றனர். துருக்கியரிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி, வியன்னாவின் ஸ்டீபன் பேராலயத்துக்கு 1711-இல் பெருமணி வார்த்தனர். பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த பீரங்கிகளால் கொலோன் பேராலயத்துக்கு வார்க்கப்பட்ட பெருமணி, முதல் உலகப்போரின் இறுதியாண்டான 1918-இல் மீண்டும் போருக்கென்றே உலைக்குப் போயிற்று. பீரங்கி மணியாகும், மணி பீரங்கியாகும். எத்தனை முறையும் உருக்கலாம், எத்தனை முறையும் வார்க்கலாம்.

லவாய்சியரை அப்படி வார்க்க முடியவில்லை. அவர் மன்னராட்சியில் வரிக்குத்தகைக் கூட்டத்தில் பங்காளி. ஏழையின் உப்புக்கும் வரி தண்டிய கூட்டம் அது; மக்களின் வெறுப்பு காரணமற்றதன்று, அதை நாம் மறைக்கவில்லை. 1794 மே 8-ஆம் நாள், குத்தகைக்காரர் 28 பேரை ஒரே நாளில் கொலைக்கருவிக்கு அனுப்பிற்று புரட்சி மன்றம். அவர்களில் ஒருவராக அவரும் போனார். அவர் கண்ட உண்மையைக்கொண்டு மணியைச் செம்பாக்கிக்கொண்டிருந்த அதே நாட்டில், அதே மாதத்தில்!

ஃபூர்க்ருவா அப்போது தேசிய மன்றத்தின் உறுப்பினர். நண்பரைக் காக்க அவர் வாய் திறக்கவில்லை என்று பலர் பழித்தனர். திறந்திருந்தால் அவர் தலையும் தப்பியிராது என்று வேறு சிலர் வாதாடினர். 1796 ஆகஸ்டில் பாரிசில் லவாய்சியருக்கு நினைவுவிழா எடுத்தார்கள். அங்கே எழுந்து நின்று புகழுரை படித்தவர் ஃபூர்க்ருவா.