ஏலமலைச் சரிவுகளில் மர வளர்ச்சிக் கணிப்பு

இன்று இவ்வளவு சுற்றளவுள்ள மரம் ஐந்து ஆண்டில், ஐம்பது ஆண்டில் எவ்வளவு பருக்கும், எத்தனை மரம் பட்டுப்போகும், எத்தனை கன்று தலையெடுக்கும் என்று அளவீடுகளைக் கொண்டு வரையறுப்பதே மர வளர்ச்சிக் கணிப்பு. காட்டைப் பராமரிப்பவருக்கு இதுதான் வரவு செலவுக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எந்த மண்ணில் அளந்து எடுக்கப்பட்டதோ, அந்த மண்ணுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். போடிநாயக்கனூரும் அதன் மேற்கே எழும் ஏலமலையும் இதை நன்றாகக் காட்டுகின்றன. ஊருக்கும் மலைமேல் கணவாயான போடிமெட்டுக்கும் நேர்த்தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். உயர வேறுபாடோ ஏறத்தாழ 1,000 மீட்டர். கீழ்ச்சரிவு மழைமறைவுப் பகுதி. அங்கே உசிலையும் வெக்காலியும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து நிற்கின்றன. மெட்டைத் தாண்டினால் தென்மேற்குப் பருவமழையின் ஈரம், பசுமைமாறா மரங்கள், அவற்றின் நிழலில் ஏலச்செடி. ஒரு மரம் பருக்கும் மாதங்களில் இன்னொன்று இலையுதிர்த்து நிற்கும் இந்த மலைக்கு ஒரே அட்டவணை போதாது.

பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தக் கலை தேக்கோடு தொடங்கியது. 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற பிராண்டிஸ், தேக்குகளைச் சுற்றளவு வகுப்புகளாகப் பிரித்து எண்ணி, ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்ல எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று கணக்கிட்டார். 1940இல் லாரியும் ராமும் இந்திய, பர்மியத் தேக்குத் தோட்டங்களுக்கான விளைச்சல் அட்டவணையை வெளியிட்டார்கள். அது நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் உண்டு: ஒரே இனம், ஒரே ஆண்டில் நட்டது, வயது தெரிந்தது. ஏலமலைக் காட்டில் இவை மூன்றுமே இல்லை. தேக்கிலும் சந்தனவேம்பிலும் ஆண்டு வளையங்களை எண்ண முடியும். தெளிவான வறட்சிக்காலம் இல்லாத இடத்தில் வளரும் பசுமைமாறா மரங்கள் பலவற்றில் அப்படி நம்பி எண்ணக்கூடிய வளையம் கிடையாது. ஆகவே அதே மரத்திடம் திரும்பத் திரும்பச் சென்று அளப்பதுதான் வழி.

அளப்பது சுலபம் போலத் தோன்றும். தவறுகள் நுழைவது அங்கேதான். தரையிலிருந்து 1.37 மீட்டரில், சரிவாக இருந்தால் மேட்டுப்பக்கம் நின்று, பாசியையும் கொடியையும் விலக்கி நாடாவைச் சுற்ற வேண்டும். அடுத்த முறை அதே இடத்தில் சுற்ற வண்ணக்கோடு போட வேண்டும். நாடா சற்றுச் சாய்ந்து சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் விட்டத்தில் 3.2 மில்லிமீட்டர் பிசகு. பெருமரங்களின் நிழலில் நிற்கும் பசுமைமாறா மரம் ஓராண்டில் பருப்பதே சில மில்லிமீட்டர்தான். ஆக ஓராண்டு வளர்ச்சி முழுவதையும் அந்தப் பிசகே விழுங்கிவிடும். பட்டை மழையில் ஊறிப் பருத்து, வெயிலில் சுருங்குவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில், சில ஆண்டு இடைவெளி விட்டு அளக்கிறார்கள். 1988இல் தொடங்கிய முதுமலையின் 50 ஹெக்டேர் நிலையான மாதிரிக்களமும், கர்நாடகத்தின் உப்பங்களாவில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நிறுவிய களமும் இந்தப் பொறுமையின் பலன். முதுமலை போடியின் வறண்ட சரிவுக்கு உறவு. உப்பங்களா மெட்டுக்கு அப்பாலுள்ள ஈரக்காட்டுக்கு உறவு. இரண்டும் உறவுதானே தவிர, இந்த மலை அல்ல.

இந்த மலையைத் தனித்து நிறுத்துவது கவாத்து. ஏலத்துக்கு நிழலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். எனவே பருவமழைக்கு முன்பு நிழல் மரங்களின் பக்கக் கிளைகளைக் கழித்து உச்சிக் கொண்டையை மட்டும் விடுவது தோட்ட வழக்கம். இலைப்பரப்பு குறைந்த மரம் உயர்வதைவிடப் பருப்பதில்தான் அதிகம் பின்தங்கும். உயரத்தைப் பார்த்து சுற்றளவை ஊகிக்கும் சமன்பாடு இங்கே மரத்தை உள்ளதைவிடப் பருத்ததாகக் காட்டிவிடும். அதே பிழை கரிமக் கணக்கிலும் தொடரும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது நாடா எதற்கு என்று கேட்கலாம். மேலிருந்து தெரிவது கூரை; அடிமரம் தெரியாது. மேலும், ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள, பத்து விழுக்காடாவது மரக்கூரை மூடிய எந்த நிலத்தையும், உடைமை யாருடையது என்று பாராமல், இந்திய வனஆய்வு நிறுவனம் காட்டுப்பரப்பில் சேர்க்கிறது. நிழலடர்ந்த ஏலத்தோட்டமும் அதில் அடங்கும். தோட்டத்து மரத்துக்கும் காட்டு மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தரையில்தான் அறிய முடியும். வேற்றிடத்துக் கணிப்பு முறையையே எடுத்துக்கொண்டால் என்ன என்பது இன்னும் வலுவான கேள்வி. அதில் பாதி நியாயம் உண்டு. அமெரிக்க வனத்துறையின் வளர்ச்சிக் கணிப்பு மென்பொருள் ஒரே கட்டமைப்பில் ஓடுகிறது. ஆனால் அது வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனி வடிவங்களாகப் பிரிந்திருப்பதோடு, பயனர் தரும் உள்ளூர் வளர்ச்சி அளவுகளைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. கட்டமைப்பைக் கடன் வாங்கலாம். திருத்தும் எண்களை இங்கேதான் எடுக்க வேண்டும். மரம் வெட்டி விற்கும் காலம் போய்விட்டதே, வளர்ச்சிக் கணக்கு யாருக்கு என்பதும் சரியான கேள்விதான். 2018 மார்ச்சில் தீ பரவிய, போடியை அடுத்த குரங்கணிச் சரிவில் எந்த இனம் எவ்வளவு வேகமாக மீள்கிறது, 2024 கோடையைப் போன்ற வெப்பத்தில் ஏலத்தைக் காக்க எந்த மரத்தை வைக்கலாம் என்பவற்றுக்கு விடை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கடினமான தடை நிலத்தைப் பற்றியது. கேரளப் பக்கத்து ஏலமலைக் காப்புநிலத்தின் பரப்பு 15,720 ஏக்கரா 215,720 ஏக்கரா என்ற வழக்கு, 1897ஆம் ஆண்டு அறிவிக்கையை முன்வைத்து இன்னும் நடக்கிறது. மரத்துக்கு எண் போட்டால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று தோட்டக்காரர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை மதித்து, தோட்ட அளவீடுகளை உடைமைப் பதிவிலிருந்து விலக்கி வைத்தால்தான் ஒத்துழைப்பு கிடைக்கும். எந்த மாதம் எத்தனை ஆள் எந்த வேலையில் நின்றார்கள் என்பது தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் இருக்கும். கவாத்து நடந்த நாட்களை அதிலிருந்து எடுத்து, மாதிரிக்களப் பதிவேட்டில் சுற்றளவுக்குப் பக்கத்தில் ‘கடைசிக் கவாத்து’ என்று ஒரு கட்டம் சேர்த்தால், வேறெந்த அட்டவணையும் சொல்லாததை அந்தக் கட்டம் சொல்லத் தொடங்கும்.