டர்ஹாம் நகரிற் புதுக்குடியினர்
வட கரோலினாவின் டர்ஹாம் நகர் நெடுங்காலம் கறுப்பர், வெள்ளையர் என்னும் இருபாற் பகுப்பிலேயே இயங்கிற்று. வெள்ளையர் வங்கிகளிற் கடன் பெறுதல் அரிதாகவே, கறுப்பர் 1908-இல் பாரிஷ் தெருவில் தமக்கென வங்கி திறந்தனர். 1990-இல் நூற்றுக்கு ஒருவரளவே இருந்த இலத்தீன் அமெரிக்க வழியினர், 2000-இல் எண்மரைக் கடந்தனர். இவர்களுட் பலர் கறுப்பரைத் தாழ்வாக மதித்து வெள்ளையரோடு ஒப்புமை கொண்டாடினர் என்பது 2003-ஆம் ஆண்டின் கருத்தாய்வு ஒன்றால் தெரிகின்றது. வெள்ளையரோ அவ்வுறவை ஏற்றாரல்லர்! எனினும், மனப்பகையொன்றே வரலாறு ஆகாதென்பது எம் கருத்து. வங்கிக் கணக்கின்றிக் கூலியைக் கையிற் கொண்டு திரிந்தமையால் புதியோர் வழிப்பறிக்கு ஆளாயினர். அவர்பொருட்டு 2000-இல் தோன்றிய கூட்டுறவுக் கடன் சங்கமும், வங்கிக் கதவு திறவாமையாற் பிறந்ததே. பாரிஷ் தெருவில் முன்னர்க் கறுப்பர் கண்ட வழியும் அதுவே.