ஸ்டென்டன் இல்லமும் டைனாவும்: ஒரு குவேக்கர் குடும்ப வீட்டின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜெர்மன்டவுன் பகுதியை ஒட்டி, ஸ்டென்டன் என்னும் செங்கல் மாளிகை இன்றும் நிலைத்து நிற்கிறது. லோகன் என்னும் குவேக்கர் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு இது. ஒவ்வொரு மனிதரிடத்தும் இறையொளி உறைகிறது என்பது குவேக்கர்களின் அடிப்படை நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கும் அவர்தம் இல்வாழ்வுக்கும் இடையே நிலவிய முரணை இவ்வீட்டின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

வீட்டைக் கட்டியவர்

அயர்லாந்தின் லர்கனில் 1674ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் லோகன், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் செயலராக 1699இல் அக்குடியேற்றத்திற்கு வந்தார். 1723 முதல் 1730 வரையிலான காலத்தில் இவ்வீட்டைக் கட்டி, ஸ்காட்லாந்திலுள்ள தம் தந்தையின் பிறந்த ஊர்ப் பெயரை அதற்குச் சூட்டினார். அவர் திரட்டிய 2,600க்கும் மேற்பட்ட நூல்கள் அவரது புலமைக்குச் சான்றாகும். தொல்குடித் தூதுக் குழுவினர் இவ்வீட்டில் விருந்தினராகத் தங்கியதுண்டு. எனினும், 1737ஆம் ஆண்டின் ‘நடைக் கொள்முதல்’ நிகழ்வில் லோகனுக்குப் பெரும்பங்கு இருந்தது. ஒருவர் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தொலைவளவு நிலம் என்ற பழைய ஆவண வாசகத்தைக் காட்டி, விரைந்து நடப்போரை அமர்த்தித் தொலைவு அளக்கப்பட்டது. லெனாப்பே மக்கள் தம் மூதாதையர் நிலத்தை இழந்தனர்.

டைனாவின் விடுதலை

ஜேம்ஸின் மகன் வில்லியம் லோகனை மணந்த ஹன்னா எம்லெனின் குடும்பத்தாரிடம் அடிமையாக இருந்த டைனா, ஹன்னாவுடன் லோகன் குடும்பத்திற்கு வந்தார். இதே ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் சிலர் அடிமை முறையைக் கண்டித்து 1688இலேயே விண்ணப்பம் எழுதியிருந்தனர் என்பது கருதத்தக்கது. அடிமைகளை வைத்திருத்தல் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுப் பேரவை தன் உறுப்பினர்க்கு விதித்தது 1776இல்தான். அவ்வாண்டிலேயே டைனா, தாம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, விடுதலை பெற்றார். அண்டை வீட்டில் எழுந்த குரல் விதியாக உருப்பெற 88 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1777ஆம் ஆண்டு நிகழ்வு

விடுதலைக்குப் பின்னும் டைனா ஸ்டென்டனிலேயே பணியாற்றினார். 1777 ஆகஸ்டில் வாஷிங்டனும், அக்டோபரில் ஜெர்மன்டவுன் போரின்போது பிரித்தானியத் தளபதி ஹோவும் இவ்வீட்டைப் பயன்படுத்தினர். அந்நவம்பரில் பிரித்தானியப் படையினர் அப்பகுதி வீடுகள் பலவற்றைக் கொளுத்தினர். ஸ்டென்டனை எரிக்க வந்த வீரர் இருவர் வைக்கோல் எடுக்கக் களஞ்சியத்திற்குச் சென்றிருந்த வேளையில், படையை விட்டு ஓடியவர்களைத் தேடி அதிகாரி ஒருவர் வந்தார். அத்தகைய இருவர் களஞ்சியத்தில் ஒளிந்திருப்பதாக டைனா கூறவே, அவர்கள் பிடித்துச் செல்லப்பட்டனர்; வீடு தப்பியது. குடும்ப வழக்கில் வழங்கிவந்த செய்தி இது.

நினைவும் மறைப்பும்

1912இல் டைனாவுக்கு நிறுவப்பட்ட நினைவுப் பலகை அவரை விசுவாசமிக்க பராமரிப்பாளராகப் போற்றியது. அவர் அடிமையாக இருந்ததையோ விடுதலை கேட்டதையோ குறிப்பிடவில்லை. வீட்டைக் காத்த செயல் மட்டும் நினைக்கப்பட்டு, அவ்வீடு அவருக்கு மறுத்தது மறைக்கப்பட்டது. அண்மையில் அருங்காட்சியகம் அக்கம்பக்கத்து மக்களுடன் கலந்து புதிய நினைவுச்சின்னம் அமைக்கும் பணியை மேற்கொண்டது. டைனாவை நோக்கி எழுப்பப்படும் வினாக்களே அதன் மையமாக அமைந்தன.

முடிவுரை

டைனாவின் செயலை விசுவாசம் என்ற ஒரே சொல்லில் அடக்குதல் வரலாற்று நோக்கில் பொருந்தாது. அச்செயலைப் புரிந்தபோது அவர் விடுதலை பெற்றிருந்த பெண். அவ்வீடு அவர் தம் வாழ்வைக் கழித்த இடமுமாகும். லோகன் குடும்பத்தின் நூல்களையும் பதவிகளையும் கொண்டு மட்டும் ஸ்டென்டனின் வரலாற்றை எழுதிவிட இயலாது. கொள்கை அவ்வீட்டின் வாசலுக்குள் எப்போது நுழைந்தது என்பதற்கு, டைனா கேட்டுப் பெற்ற விடுதலையே சான்றாகிறது.